கென்னத் ஆண்டர்சனும் அவர்தம் துப்பாக்கியும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த கோம்பை என்னும் ஊரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், செந்நிற மேனியும் கருமுகமும் வாய்ந்த வேட்டை நாய்களே நம் நினைவிற்கு வரும். மிளாவையும் காட்டுப் பன்றியையும் நாய்களைக் கொண்டு துரத்திய காலத்தில், வேடன் விலங்கின் அருகிற் சென்றே தீரவேண்டும். அடிபட்டது வீழ்ந்ததா, பிழைத்ததா என்பதைத் தன் கண்ணாற் கண்டான். துப்பாக்கி வந்தபின் அவ்வண்மை அகன்றது. நூறு கஜத்திற்கு அப்பாலிருந்து சுடுவோனுடைய பொறுப்பு முழுவதும் ஒரு சிறு தோட்டாவின்மேல் ஏறிற்று. அத்தோட்டாவைத் தேர்வதில் எத்துணைக் கருத்து வேண்டும் என்பதைத் தென்னாட்டுக் காடுகளில் உலாவிய கென்னத் ஆண்டர்சன் என்பாரின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆறு தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காத்லாந்துக் குடும்பம் ஒன்றில், 1910-ஆம் ஆண்டு ஹைதராபாத்தைச் சார்ந்த பொலாரத்தில் ஆண்டர்சன் பிறந்தார். பெங்களூரிற் கல்வி பயின்று, அங்கேயே விமானத் தொழிற்சாலையில் அலுவல் புரிந்தார். கன்னடமும் தமிழும் பேச வல்லவர். ஓய்வு வாய்த்த போதெல்லாம் சேலம் மாவட்டத்துக் காடுகளை நாடிச் செல்வார். மனிதரைக் கொல்லும் புலியோ சிறுத்தையோ தோன்றிய சிற்றூர்களுக்கு அவர் துணையாக நின்றார். 1939 முதல் 1966 வரை அவ்வகையில் எட்டுச் சிறுத்தைகளையும் ஏழு புலிகளையும் அவர் சுட்டதாக அரசாங்கக் குறிப்புகள் கூறும் என்பர்.

அவர் பெரும்பாலும் கையாண்டது வின்செஸ்டர் கம்பெனியாரின் 1895-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியாகும். விசையைச் சூழ்ந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெறுந்தோட்டா வெளியேறிப் புதுத்தோட்டா உட்புகும். இதனை அமைத்தவர் அமெரிக்கராகிய ஜான் பிரௌனிங். அவரே அமைத்த 1894-ஆம் ஆண்டு மாதிரியில், குழலின் அடியிலுள்ள மற்றொரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். கூர்முனைக் குண்டினை அதில் இட்டால், அம்முனை முன்னுள்ள தோட்டாவின் கேப்பில் அழுந்தி, அதிர்ச்சியால் உள்ளேயே வெடித்தலும் கூடும். ஆதலின் அதற்குத் தட்டைமுனைக் குண்டே ஏற்றது. 1895-ஆம் ஆண்டு மாதிரியிலோ தோட்டாக்கள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டமையால் அவ்வச்சம் இல்லை. 1904-இல் இதற்கென வெளிவந்த .405 அங்குலத் தோட்டாவின் குண்டு 300 கிரெயின், அஃதாவது ஏறக்குறைய 19 கிராம் எடையுள்ளது.

எடை ஒன்றாயினும் குண்டுகள் இருவகைப்படும். முனையில் ஈயம் வெளித்தோன்றுமாறு செய்த குண்டு தசையிற் பட்டதும் மலர்ந்து, தன் வேகத்தை உடலினுள்ளேயே செலுத்தும். மானுக்கும் புலிக்கும் உரியது இதுவே. முழுவதும் உலோக உறை போர்த்த குண்டு மலராது ஊடுருவும். யானையின் தலையெலும்பைத் துளைக்க இஃது வேண்டும். இவ்விரண்டும் மாறினாற் கேடு விளையும். உறைக் குண்டு மானைத் துளைத்துச் சிறு புண்ணையே விட்டுச் செல்ல, அவ்வுயிர் நெடுந்தூரம் ஓடிப் புதரில் வருந்தி மாயும். ஈயமுனைக் குண்டு யானையின் எலும்பில் நசுங்கி, அதற்குச் சினத்தை மட்டும் மூட்டும். பழைய துப்பாக்கிக்கு வேறொரு கவனமும் தேவை: குழலிற் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியிற் பொறித்த பெயரும் ஒத்திருத்தல் வேண்டும், ஈரத்திற் கிடந்து பச்சை பூத்த தோட்டாவைத் தள்ளிவிடல் வேண்டும்.

இக்கவனம் தவறியதன் விலையைக் கொடுத்தவர் பெரும்பாலும் சுட்டவர் அல்லர். குண்டுக் காயத்தால் இயற்கை இரையைப் பிடிக்க இயலாத விலங்குகள் மனிதரைக் கொல்லத் தொடங்கியமையை ஆண்டர்சன் தம் நூல்களிற் பலமுறை எடுத்துக்காட்டினார். எவனோ ஒருவன் ஆராயாது சுட்டுவிட்டு ஊர் திரும்பினான். மாடு மேய்த்த சிறுவனும் விறகு பொறுக்கிய பெண்ணும் உயிர் இழந்தனர். அக்கடனைத் தீர்க்கவே ஆண்டர்சன் பன்முறை காட்டிற்குச் செல்ல நேர்ந்தது.

1954-இல் அவரது முதல் வேட்டை நூல் வெளிவந்தது. பிற்காலத்தில் அவருள்ளம் வேட்டையினும் வனவிலங்குகளைக் காப்பதையே பெரிதும் நாடிற்று. 1974-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன்னரே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டைக்கு எஞ்சியிருந்த வாயிலையும் அடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் கீழ்ப்புறத்து மலைகளும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கின.

ஆகவே, மானைச் சுடத் தோட்டா தேரும் வேலை நமக்கில்லை. எனினும் மாணாக்கராகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. விசையை அழுத்தியபின் குண்டினைத் திரும்ப அழைத்தல் எவர்க்கும் இயலாது. ஆராய்ச்சிக்குரிய காலம் அதற்கு முன்னரே உள்ளது. நாம் விடும் சொல்லும் செய்யும் செயலும் நம் கண்ணுக்கெட்டாத ஒருவரைச் சென்று தாக்கும் என்பதை முன்னரே எண்ணித் துணிவோமாக.