ராஜாஜியும் நம்ம ஜில்லாவின் கடன் பத்திரங்களும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் என்ஜினியர், மோட்டாரும் பேனலும்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் குமாரபாளையத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த நமக்கெல்லாம் கடன் என்பது வீட்டு விஷயம். ஆகவே கடனுக்கு எதிராகச் சட்டம் போட்ட நம்ம ஜில்லாக்காரர் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்கிற ராஜாஜி.

1878 டிசம்பர் 10-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தார். அந்தக் காலத்தில் ஓசூரும் சேலம் ஜில்லாதான். பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். நல்ல வருமானம். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். பிறகு காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலையே விட்டுவிட்டார்.

1925-ல் திருச்செங்கோடு பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மழை பொய்த்த பூமி அது. வீடு வீடாகப் பஞ்சு கொடுத்து, பெண்கள் நூற்ற நூலுக்குக் கூலி கொடுத்து வாங்கி, கதர் நெய்ய வைத்தார்கள். இலவசமாகக் கஞ்சி ஊற்றுவதைவிட வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது மேல் என்பது அவர் எண்ணம். ஆசிரமத்தில் ஹரிஜனங்களும் மற்றவர்களும் சேர்ந்தே இருந்தார்கள். கள்ளினால் குடும்பங்கள் அழிவதையும் கிட்ட இருந்து பார்த்தார். கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார்.

அப்போதுதான் 1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து, உலகம் முழுக்கப் பெருமந்தம் வந்தது. அங்கே பங்கு விழுந்தால் இங்கே நமக்கு என்ன என்று கேட்கலாம். சில வருஷங்களுக்குள் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியானது. விலை பாதியானால் கடன் இரட்டிப்பு என்று அர்த்தம்! நூறு ரூபாய் கடனை அடைக்க முன்பு பத்து மூட்டை விற்றவர் இப்போது இருபது மூட்டை விற்க வேண்டும். வட்டியும் கிஸ்தியும் மட்டும் குறையவில்லை. 1931-க்குப் பிறகு தங்கம் விலை ஏறியதும் தாலிக்கொடி, தோடு என்று விற்றுத்தான் பல வீடுகள் பிழைத்தன. 1935-ல் சத்தியநாதன் என்ற அதிகாரி விசாரித்து, மாகாணத்து விவசாயிகளின் கடன் சுமார் 200 கோடி ரூபாய் என்று அறிக்கை கொடுத்தார்.

அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1933-ல் பதவிக்கு வந்து பெரிய நிவாரணத் திட்டங்களைத் தொடங்கினார். நோட்டு அச்சடிக்கவும் பெரிய கடன் வாங்கவும் அவர் கையில் அதிகாரம் இருந்தது. 1937 ஜூலையில் சென்னையின் பிரதம மந்திரியான ராஜாஜிக்கு அது எதுவும் கிடையாது. நாணயம், ரயில், சுங்கம் எல்லாம் வெள்ளைக்காரன் கையில். அவரிடம் இருந்தது சட்டம் போடும் உரிமை மட்டும்தான்.

அதை வைத்துப் போட்டதுதான் 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி முழுக்கத் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது! அதற்குப் பிந்திய கடனுக்கு 5 சதவீதத் தனி வட்டிதான். சட்டத்துக்குப் பிறகு வாங்கும் கடனுக்கு 6¼ சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. என் அப்பாவின் தாத்தா இந்தச் சட்டத்தில்தான் இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டைக் காப்பாற்றிக்கொண்டார் என்று எங்க வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

குறையும் இருந்தது. மறைக்கக்கூடாது. சட்டம் நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்குத்தான். துண்டு நிலம்கூட இல்லாத நெசவாளிக்கும் கூலிக்காரருக்கும் அதில் இடமில்லை. பழைய கடன் தீர்ந்தாலும், விதை வாங்கப் புதுக்கடன் கொடுக்கப் பணக்காரர்கள் தயங்கினார்கள்.

அடுத்தது மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில்தான் முதலில் அமலானது. நம்ம ஊரில் கள்ளுக்கடை மூடியாச்சு. ஆற்றுக்கு அக்கரையில் பவானி கோயமுத்தூர் ஜில்லா, அங்கே திறந்திருந்தது! மாகாண வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கு சாராய, கள் வரியில்தான் வந்தது. அந்தப் பள்ளத்தை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அப்படி ஒரு பொது விற்பனை வரி அதுதான் முதல். இன்று மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டும் நம்ம ஜவுளி நண்பர்கள் அவரைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அதே ஆட்சியில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தார். நடராசனும் தாளமுத்துவும் சிறைக்காவலில் உயிரிழந்தார்கள். தமிழகம் அதை மறக்கவில்லை. 1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமல் யுத்தத்தில் இழுத்ததற்காகக் காங்கிரஸ் மந்திரிசபைகளோடு அவரும் ராஜினாமா செய்தார்.

கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு 1952-ல் மறுபடி முதலமைச்சரானார். அப்போது கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டில்லியிடம் விடாமல் கேட்டார். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. மில் வேட்டிக்கு ஓர் உச்சவரம்பும், 1953-ல் மில் துணி மேல் தீர்வை போட்டுக் கைத்தறிக்கு நிதியும் வந்தன. 1938-ல் விட்டுப்போன நெசவாளியை அவர் அப்போதாவது நினைத்தார். ஆனால் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்ற கல்வித் திட்டத்தால் 1954-ல் பதவி இழந்தார். அந்தத் திட்டம் நின்றிருந்தால் நம்மில் எத்தனை பேர் இந்தக் கல்லூரிக்கு வந்திருப்போம்? நான் தறிக்குழியில்தான் இருந்திருப்பேன். 1972 டிசம்பர் 25-ல் தம் 94-ஆம் வயதில் காலமானார்.

தம்பிகளே, இதை ஏன் எழுதுகிறேன்? விசைத்தறியில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு அதே முதலாளியிடம் வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை நம்ம ஊரிலேயே பார்த்திருக்கிறோம். வாரவட்டி, மீட்டர் வட்டி என்று புதுப்புதுப் பெயரில் வட்டி வந்துகொண்டே இருக்கிறது. மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலே வைக்கிறோம், கரண்டு மீறினால் காயில் கருகும் முன்பே அறுத்துவிட. அந்த வேலையைத்தான் அந்தச் சட்டம் செய்தது. கட்டியது அசலின் இரு மடங்கானால் போதும், மனுஷனை விடு என்றது. கடன் கொடுத்தவனின் கணக்கை விட வாங்கியவனின் வாழ்வு பெரிது என்று ஓர் அரசாங்கம் சொல்ல முடியும் என்பதற்கு நம்ம ஜில்லாவே சாட்சி. நாளை உங்களில் யாராவது அதிகாரியாக, வங்கி மேனேஜராக, தறி முதலாளியாக உட்காரும்போது, அந்தச் சட்டத்தில் இடம் கிடைக்காத கூலிக்காரரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்லூரி வாழ்க! சங்கம் வளர்க!