கடல் கடந்த கல்வி

ஆனந்திபாய் ஜோஷி 1865ஆம் ஆண்டு மராட்டியக் குடும்பமொன்றில் பிறந்தார். 9ஆம் வயதில் அவரை அஞ்சல்துறை ஊழியரான கோபாலராவுக்கு மணம் செய்து கொடுத்தனர். கணவரே அவருக்குக் கல்வி கற்பித்தார். 14ஆம் வயதில் ஈன்ற ஆண் குழந்தை, தக்க மருத்துவமின்றிப் பத்து நாள்களில் இறந்தது. ஆண் மருத்துவரிடம் நோயைக் கூறப் பெண்கள் நாணிய காலம் அது. தாமே மருத்துவராவது என ஆனந்திபாய் உறுதிபூண்டார்.

கடிதத்தின் வழியே நட்புக்கொண்ட அமெரிக்கரான கார்ப்பெண்டர் அம்மையார், தம் இல்லத்தில் தங்க இடமளிக்க முன்வந்தார். பயணச் செலவுக்காக ஆனந்திபாய் தம் பொன்வளையல்களை விற்றார். கடல் கடத்தல் குற்றம் எனப் பலர் பழித்தனர். அவரோ மறைந்து செல்லவில்லை. 1883ஆம் ஆண்டு வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியில் மக்கள்முன் நின்று, நாட்டுக்குப் பெண் மருத்துவர் தேவை என்பதை எடுத்துரைத்தார். பின்னர்க் கணவர் துணையின்றிக் கல்கத்தாவில் கப்பலேறினார்.

பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1886இல் பட்டம் பெற்றார். கோலாப்பூர் மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அவரை மருத்துவராக நியமித்தனர். அந்நாட்டிலேயே பற்றிய காசநோயுடன் தாயகம் திரும்பினார். பணியில் சேருமுன்பே, 1887 பிப்ரவரியில், 21ஆம் வயதில் மறைந்தார். அவர் ஏற்க இயலாத அப்பணியைப் பின்வந்த இந்தியப் பெண் மருத்துவர்கள் ஏற்றனர்.