தீனபந்து ஆண்ட்ரூஸ்: பணிவால் உயர்ந்த தொண்டர்

ஏசுநாதர் தமது வாழ்வின் இறுதி இரவில் செய்த ஒரு செயல் சீடர்களைத் திடுக்கிடச் செய்தது. உணவருந்த அனைவரும் கூடியிருந்த வேளையில் அவர் எழுந்தார், மேலாடையைக் களைந்தார், இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்து, சீடர்களின் பாதங்களைக் கழுவித் துடைத்தார். அக்காலத்தில் வீட்டின் கடைநிலைப் பணியாளன் செய்கின்ற வேலை அது. குரு தம் காலைத் தொடுவதைப் பேதுருவால் ஏற்க இயலவில்லை. முதலில் மறுத்தார், பின்னரே இணங்கினார். தங்களுள் யார் பெரியவர் என்று வழக்காடிய சீடர்களுக்கு ஏசுநாதர் தந்த விடை அச்செயலே. ஊழியம் செய்பவனே பெரியவன் என்னும் அந்த விடையில்தான் கிறிஸ்தவச் சீடநெறியின் உயிர் இருக்கிறது.

ஸ்ரீராமகிருஷ்ணரின் அடியார்களுக்கு ஏசுநாதர் அந்நியர் அல்லர். 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, ஆண்ட்பூர் கிராமத்தில் நரேந்திரரும் அவருடைய சகோதரச் சீடர்களும் துனித் தீயைச் சுற்றி அமர்ந்து, உலகைத் துறந்து வாழ உறுதி பூண்டனர். அன்று நரேந்திரர் அவர்களுக்கு எடுத்துரைத்தது ஏசுநாதரின் வாழ்வையே. அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பிறகே அவர்களின் நினைவுக்கு வந்தது. இன்றும் ஸ்ரீராமகிருஷ்ண மடங்களில் அந்த இரவு பக்தியுடன் கொண்டாடப்படுகிறது.

அந்த ஏசுநாதரின் பாதையில் நடந்து, நம் நாட்டையே தமது தொண்டுக் களமாக்கிக்கொண்ட ஓர் ஆங்கிலேயரின் வாழ்வை இங்குக் காண்போம். அவர் பெயர் சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ். ஏழைகளின் உறவினர் என்னும் பொருள்பட நம் மக்கள் அவரைத் ‘தீனபந்து’ என்று அழைத்தனர்.

இளமையில் கண்ட மன்னிப்பு

ஆண்ட்ரூஸ் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள நியூகாஸில் நகரில் பிறந்தார். குடும்பம் பின்னர் பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஒரு சிறிய கிறிஸ்தவப் பிரிவின் குருவாக விளங்கினார். நம்பிய நண்பர் ஒருவர் குடும்பத்தின் செல்வத்தைக் கையாடித் தொலைத்துவிட்டார். அந்த மனிதருக்காகவே தந்தை குடும்ப வழிபாட்டில் இறைவனை வேண்டினார். வறுமையின் வாசலில் நின்றபடி, தமக்குத் தீங்கு செய்தவருக்காகத் தந்தை பிரார்த்திப்பதைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில், எந்த மறைநூல் பாடத்தையும்விட ஆழமாக அக்காட்சி பதிந்தது.

கேம்பிரிட்ஜிலுள்ள பெம்புரோக் கல்லூரியில் கல்வி கற்றுத் தேர்ந்த பிறகு, அவர் லண்டனின் தென்பகுதியிலுள்ள வால்வொர்த் என்னும் ஏழைகளின் குடியிருப்பில் பணி செய்தார். 1897-இல் ஆங்கிலேயத் திருச்சபையின் குருவானார். அவருடைய ஆருயிர் நண்பர் பேசில் வெஸ்ட்காட் தில்லியில் சமயப்பணி ஆற்றிவந்தவர். 1900-ஆம் ஆண்டு காலரா நோய் அவரது உயிரைப் பறித்தது. நண்பர் விட்டுச்சென்ற பணியைத் தொடர விரும்பிய ஆண்ட்ரூஸ், 1904-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியா வந்தார். அந்த நாளைத் தமது இரண்டாம் பிறந்தநாளாகவே அவர் போற்றிவந்தார்.

ஏற்காத நாற்காலி

தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆண்ட்ரூஸ் ஆசிரியரானார். 1881-இல் தோன்றிய அக்கல்லூரியின் முதல்வர் பதவி அதுவரை ஆங்கிலேயர்களுக்கே உரியதாக இருந்தது. 1906-இல் அப்பதவி காலியானது. ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், திருச்சபையின் குரு என்ற வகையில் அந்த நாற்காலி இயல்பாகவே ஆண்ட்ரூஸை நோக்கி வந்தது.

அக்கல்லூரியில் பல்லாண்டுகள் உழைத்தவர் சுசீல் குமார் ருத்ரா என்னும் வங்காளக் கிறிஸ்தவர். தகுதியிலும் அனுபவத்திலும் மூத்தவர் அவரே. ஆனால் ஓர் இந்தியரின் தலைமையில் ஆங்கிலேயர்கள் பணியாற்றுவதா என்று பலர் தயங்கினர். ருத்ராவை ஒதுக்கினால் தாம் அங்கிருந்து விலகிவிடுவதாக ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார். ருத்ரா முதல்வரானார்; 1923 வரை அப்பொறுப்பைச் சிறப்புடன் வகித்தார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே மகிழ்ச்சியுடன் பணிபுரிந்தார். இந்தியாவை உள்ளிருந்து காணக் கற்பித்தவர் ருத்ராவே என்பதையும் நன்றியுடன் நினைவுகூர்ந்துவந்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நோயாளிக்கும் அநாதைக்கும் தொண்டு செய்யும்போது, கொடுப்பவர் நாம் என்ற நினைவு உள்ளத்தின் ஒரு மூலையில் ஒளிந்திருக்க இடமுண்டு. குனிந்து கொடுக்கும் கையில்கூட அகந்தை குடியிருக்கும். ஆனால் தாழ்ந்தவர் என்று தன் சமூகம் கருதும் ஒருவரைத் தனக்கு மேலே அமர்த்தி, அவருடைய சொற்படி நடப்பதில் அந்த மறைவிடமும் அகன்றுவிடுகிறது. ஆண்ட்ரூஸின் பணிவு முதன்முதலில் சோதிக்கப்பட்ட இடம் அதுவே.

டர்பன் துறைமுகத்தில்

1913-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் சத்தியாகிரகம் உச்சநிலையை எட்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கிய கூலித் தொழிலாளர்கள்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி சுமத்தப்பட்டிருந்தது. இந்தியச் சமய முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்ற நிலையும் அவ்வாண்டு உருவானது. நேட்டாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கோபால கிருஷ்ண கோகலே இந்தியா முழுவதும் அவர்களுக்காக நிதி திரட்டினார். ஆண்ட்ரூஸ் தமது சேமிப்பை அந்நிதிக்கு வழங்கியதோடு, கோகலேயின் வேண்டுகோளுக்கிணங்கித் தாமும் புறப்பட்டார். நண்பர் வில்லியம் பியர்சன் உடன் சென்றார்.

1914 ஜனவரித் தொடக்கத்தில் கப்பல் டர்பனை அடைந்தது. வரவேற்க வந்தவர்களுள் போலக்கை மட்டும் ஆண்ட்ரூஸ் அறிவார். காந்தி எங்கே என்று அவரிடம் வினவினார். தலையை மழித்து, ஒப்பந்தக் கூலிகள் உடுத்தும் வெண்ணிற முரட்டு ஆடை அணிந்து நின்ற மெலிந்த மனிதர் ஒருவரைப் போலக் சுட்டிக்காட்டினார். துப்பாக்கிச் சூட்டில் மாண்ட தொழிலாளர்களுக்காகத் துக்கம் காத்துவந்தார் காந்தியடிகள். ஆண்ட்ரூஸ் சற்றும் யோசிக்கவில்லை. குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டார்.

ஒரு வெள்ளையர், அதிலும் ஒரு குரு, பலர் காண ஓர் ஆசியரின் காலைத் தொட்டது டர்பனின் வெள்ளையர் சமூகத்தைக் கொதிப்படையச் செய்தது. வெள்ளையரின் மதிப்பை அவர் மண்ணில் வீசிவிட்டதாகக் கருதினர். ஆண்ட்ரூஸோ இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே எண்ணினார். தம் குருநாதர் மீனவர்களின் பாதங்களைக் கழுவியவர் அல்லவா!

அந்தப் பணிவு பயனும் தந்தது. ஆங்கிலேயராகிய அவருக்கு ஆட்சியாளர்களின் கதவுகள் எளிதில் திறந்தன. அவர் காந்தியடிகளுக்கும் தளபதி ஸ்மட்ஸுக்கும் இடையே பொறுமையுடன் தூது நடந்தார். அந்நாட்களில்தான் இங்கிலாந்தில் அவருடைய அன்னை காலமானார். அந்தத் துயரைத் தாங்கிக்கொண்டே அவர் பணியைத் தொடர்ந்தார். ஜனவரி மாதத்திலேயே இடைக்கால உடன்பாடு கையெழுத்தானது. அவ்வாண்டின் நடுவில் நிறைவேறிய சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. பிறப்பினால் தமக்குக் கிடைத்த செல்வாக்கை ஆண்ட்ரூஸ் மறுக்கவில்லை. வெளியே நிற்பவர்கள் உள்ளே செல்வதற்காக அதனைப் பயன்படுத்தினார்.

கரும்புத் தோட்டங்களின் கண்ணீர்

1914-இல் அவர் தில்லிச் சமயப்பணிக் குழுவிலிருந்து விலகி, ரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனில் சேர்ந்தார். கதராடை உடுத்தினார். தமக்கென்று பொருள் எதையும் சேர்த்துவைக்கவில்லை.

1915-இல் பியர்சனுடன் பிஜித் தீவுக்குச் சென்றார். 1879 முதல் சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அத்தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரை மகாகவி பாரதியார் பாடியிருப்பதைத் தமிழர் அறிவர். ஆண்ட்ரூஸ் குடியிருப்பு குடியிருப்பாகச் சென்றார். தொழிலாளர்களோடு அமர்ந்து அவர்களின் கதைகளைக் கேட்டார். தாம் கண்டவற்றைப் பியர்சனுடன் சேர்ந்து 1916-இல் அறிக்கையாக வெளியிட்டார். 1917-இல் மீண்டும் அங்குச் சென்று ஆராய்ந்தார். அவ்வாண்டே புதிய கூலிகளை அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி முதல் நாளன்று, பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. ராணுவச் சட்டம் பஞ்சாபை நசுக்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆண்ட்ரூஸ் கிராமம் கிராமமாகச் சென்று உண்மைகளைத் திரட்டினார். குற்றம் ஏதுமின்றிப் பலர் முன்னிலையில் கசையடி பெற்ற ஒரு சீக்கியப் பெரியவரை அவர் சந்தித்தார். தம் நாட்டினர் செய்த பாவத்திற்காக அவருடைய பாதங்களைத் தொட்டு மன்னிப்பு வேண்டினார். டர்பனில் அவர் குனிந்தது ஒரு தலைவரின் முன்னே. இங்குக் குனிந்ததோ பெயர் அறியாத ஒரு கிராமத்தார் முன்னே. இரண்டையும் அவர் வேறாகக் கருதவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அவர் சென்றார். இந்தியர்களுக்குப் பரிந்து பேசியதற்காக ஐரோப்பியக் குடியேறிகள் சிலர் அவரை ரயிலில் தாக்கினர். தம் இனத்தவரின் வெறுப்பு, பணிவுக்கு அவர் தந்த விலைகளுள் ஒன்று.

மும்பையில் இரு காட்சிகள்

பணிவு என்பது தலையாட்டுவதா? மும்பையோடு தொடர்புடைய இரு நிகழ்ச்சிகள் இதற்கு விடை தருகின்றன.

1921 ஜூலை 31 அன்று பரேல் பகுதியில் காந்தியடிகளின் தலைமையில் அந்நியத் துணிகள் மலையாகக் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. நாடே ஆர்ப்பரித்த அந்தச் செயலை ஆண்ட்ரூஸால் ஏற்க இயலவில்லை. எங்கோ ஓர் ஏழைத் தொழிலாளியின் கைகள் உழைத்து உருவாக்கியதை எரிப்பது அஹிம்சைக்குப் பொருந்துமா என்று அவர் கவலையுற்றார். அந்நியம் என்ற சொல்லோடு வெறுப்பும் சேர்ந்து வளருமோ என்று அஞ்சினார். தமது மறுப்பை மறைக்காமல் காந்தியடிகளுக்கு எழுதினார். காந்தியடிகள் அதனைத் தமது இதழிலேயே வெளியிட்டு விடையும் அளித்தார். யாருடைய பாதங்களைத் தொட்டாரோ, அவரிடமே உண்மையை அஞ்சாமல் சொல்ல ஆண்ட்ரூஸுக்குத் தயக்கமில்லை. தனக்கென்று ஒன்றும் வேண்டாதவனுக்கு இழப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே அச்சமும் இல்லை.

இரண்டாவது காட்சி 1924-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிறையிலிருந்த காந்தியடிகளுக்குப் பூனாவில் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. விடுதலையானபின் அவர் மும்பை ஜூஹு கடற்கரையில் சில வாரங்கள் ஓய்வெடுத்தார். அங்கு ஆண்ட்ரூஸ் அவருக்குத் துணையாக இருந்து, திரண்டு வந்த பார்வையாளர்களிடமிருந்து அவரைக் காத்தார். எழுத்துப் பணிகளில் உதவினார். நாடுகளிடையே தூது நடந்தவர், ஒரு நோயாளியின் வாசலில் காவல் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுந்த கருத்து வேற்றுமை அந்த அன்பைச் சிறிதும் குறைக்கவில்லை. அவ்வாண்டே காந்தியடிகள் இந்து-முஸ்லிம் ஒற்றுமைக்காகத் தில்லியில் 21 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தபோதும் ஆண்ட்ரூஸ் அருகிலிருந்தார். நோன்பு நிறைவுற்ற வேளையில் கிறிஸ்துவின் சிலுவையைப் பற்றிய பாடலைப் பாடியவரும் அவரே.

நமக்குரிய பாடம்

1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் இறைவனடி சேர்ந்தார். அந்நகரின் லோயர் சர்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில், அவர் நேசித்த நம் மண்ணிலேயே உறங்குகிறார். 1971-இல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

அவர் வாழ்வு நம் அன்றாட வாழ்வையும் தொடுகிறது. மும்பையையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்களும் தமிழர்கள். மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி அலுவலகங்களில் பணியாற்றியவர்களும் தமிழர்கள். பேசும் மொழி ஒன்று. ஆயினும் அமரும் இடங்கள் வேறு வேறு. மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே செல்லலாம். அங்குள்ள குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரவும் மருத்துவ உதவி செய்யவும் இன்று பலர் முன்வருகிறார்கள், அது போற்றத்தக்கது. அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. அங்குள்ள ஒருவரின் தலைமையில் நாம் பணிபுரிய முடியுமா? நம் வீட்டுக்கு அவர் வரும்போது நமக்கு இணையான ஆசனத்தில் அமர்த்த முடியுமா? அவருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பில் நமக்கும் பங்குண்டு என்று மனதார வருந்த முடியுமா? ருத்ராவின் கல்லூரியிலும், டர்பன் துறைமுகத்திலும், பஞ்சாப் கிராமத்திலும் ஆண்ட்ரூஸ் எதிர்கொண்ட கேள்விகள் இவையே.

தாழ்த்தப்பட்டவர் எனப்பட்ட ஒருவரின் இல்லத்தை யாரும் அறியாமல் இரவில் சென்று தூய்மை செய்து, தம் தலைமுடியால் துடைத்தார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். உயர்குலம் என்ற எண்ணத்தின் வேரையே கிள்ளி எறிய அவர் செய்த சாதனை அது. ஏழையை நாராயணனாகக் கண்டு வழிபடுமாறு சுவாமி விவேகானந்தர் நமக்குக் கற்பித்தார். வழிபடுபவன் கீழேயும் வழிபடப்படுபவர் மேலேயும் இருப்பதே வழிபாட்டின் இயல்பு. தொண்டு வழிபாடாக மாறும்போது கொடுப்பவன் என்ற நினைவு கரைந்துபோகிறது.

நீர் எப்போதும் பள்ளத்தை நோக்கியே பாய்கிறது; இறையருளும் அப்படியே. மேடாக நிமிர்ந்து நிற்கும் உள்ளத்தில் அது தங்குவதில்லை. நாளும் ஒருவர் முன்னேனும் மனதாரத் தாழ்ந்து நிற்கும் வலிமையை இறைவன் நமக்கு அருள்வாராக!