வால் நட்சத்திரத்தின் வரவைக் கணித்தவர்

இரவு வானில் நீண்ட வாலுடன் ஓர் ஒளி தோன்றினால் முற்கால மக்கள் நடுங்கினர். அதனைத் தூமகேது என்றனர். அரசனுக்குக் கேடு வரும், நாட்டில் பஞ்சம் வரும் என அஞ்சினர். அவ்வொளியின் வரவைக் கணக்கிட்டுக் கூறிய பேரறிஞர் எட்மண்ட் ஹேலி ஆவார்.

ஹேலி 1656ஆம் ஆண்டு இலண்டன் மாநகருக்கு அருகில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சவர்க்காரம் செய்து விற்ற செல்வர். ஹேலி தம் 20ஆம் வயதில் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்திக் கப்பலேறினார். தென் அட்லாண்டிக் கடலிலுள்ள செயிண்ட் ஹெலினா தீவை அடைந்தார். அங்கு மேகங்கள் அடிக்கடி வானை மறைத்தன. எனினும் அவர் மனந்தளராது 341 விண்மீன்களின் இடங்களைக் குறித்துக்கொண்டு திரும்பினார்.

1682ஆம் ஆண்டில் வால் நட்சத்திரம் ஒன்று தோன்றியது. ஹேலி அதனைக் கூர்ந்து நோக்கினார். ஈர்ப்பு விசையை விளக்கும் நூலை எழுதுமாறு தம் நண்பர் ஐசக் நியூட்டனைத் தூண்டியவரும் இவரே. 1687இல் அந்நூலைத் தம் சொந்தப் பணத்தில் அச்சிடச் செய்தார்.

நியூட்டனின் விதிகளைக் கொண்டு 24 வால் நட்சத்திரங்களின் பாதைகளை ஹேலி கணக்கிட்டார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவை ஏறத்தாழ ஒரே பாதையில் சென்றிருந்தன. அவை மூன்றல்ல, ஏறக்குறைய 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வரும் ஒன்றே எனத் தெளிந்தார். அது 1758இல் மீண்டும் வரும் என்று 1705இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது நூறைக் கடந்திருக்கும். தாம் காண இயலாத ஒன்றிற்காகவே அவர் உழைத்தார்.

1742இல், தம் 85ஆம் வயதில், ஹேலி மறைந்தார். 1758 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வாழ்ந்த பாலிச் என்னும் உழவர் அவ்வால் நட்சத்திரத்தைக் கண்டார். ஹேலியின் வாக்குப் பொய்க்கவில்லை. அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

வால் நட்சத்திரம் பனியும் தூசும் சேர்ந்த உருண்டையே. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகித் தூசுடன் வெளிப்படுகிறது. அதுவே வாலாக ஒளிர்கிறது. இதனை அறிந்த நமக்கு அச்சம் எதற்கு?

1986இல் வந்து சென்ற அவ்விருந்தாளி 2061இல் மீண்டும் வரும். அன்று நாம் நம் பிள்ளைகளின் கைப்பிடித்து வானைக் காட்டி, ஹேலியின் கதையைச் சொல்வோமாக!