மார்ச்செல்லோ பச்சரெல்லி

மார்ச்செல்லோ பச்சரெல்லி (பெப்ரவரி 16, 1731 – ஜனவரி 5, 1818) இத்தாலியில் பிறந்து, போலந்து அரசவையில் பணியாற்றிய ஓவியர் ஆவார். போலந்தின் கடைசி மன்னரான ஸ்தனிஸ்லாவ் ஆகஸ்ட் பொனியாதோவ்ஸ்கியின் முதன்மை ஓவியராக விளங்கினார். அம்மன்னரின் தோற்றம் பிற்காலத்தவர் நினைவில் நிலைத்தது பெரும்பாலும் இவரது ஓவியங்களாலேயே.

வாழ்க்கை

ரோம் நகரில் பிறந்த பச்சரெல்லி, அங்கு மார்க்கோ பெனெஃபியாலிடம் ஓவியம் பயின்றார். 1750-களின் தொடக்கத்தில், போலந்து மன்னரும் சாக்சனி ஆட்சியாளருமான மூன்றாம் அகஸ்டசிடம் பணியாற்ற டிரெஸ்டன் சென்றார். நுண்ணோவியரான பிரெடரிக்க ரிக்டர் இவரது மனைவி. சில ஆண்டுகள் வார்சாவில் பணிபுரிந்தபின் வியன்னா சென்று, பேரரசி மரியா தெரேசாவின் குடும்பத்தினரை வரைந்தார். புதிய மன்னர் ஸ்தனிஸ்லாவ் ஆகஸ்டின் அழைப்பை ஏற்று, 1766-இல் வார்சாவுக்குத் திரும்பினார். 1768-இல் இவருக்குப் போலந்தின் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது.

அரண்மனைப் பணிகள்

வார்சா அரச மாளிகையில் இருந்த ஓவியக்கூடத்துக்கு இவரே தலைவர். அங்கு இளம் ஓவியர்கள் பயிற்சி பெற்றதுடன், மன்னரின் உருவப்படங்களுக்குப் படிகளும் வரைந்தனர். எனவே இவர் பெயரில் வழங்கும் படங்கள் அனைத்தும் இவர் கைப்பட வரைந்தவை எனக் கொள்ள இயலாது.

1768–1771 காலத்தில் மாளிகையின் பளிங்கு அறைக்காகப் போலந்து மன்னர்களின் 22 உருவப்படங்களை வரைந்தார். முடிசூட்டு உடையில் நிற்கும் ஸ்தனிஸ்லாவ் ஆகஸ்டின் முழு உருவப்படம் அவ்வரிசையில் முதன்மை இடம் பெற்றது. பின்னர் வீரர் மண்டபத்துக்காக, லூப்ளின் ஒன்றியம், வியன்னாவில் சோபியெஸ்கி உள்ளிட்ட ஆறு வரலாற்றுக் காட்சிகளைத் தீட்டினார். ஆயினும் இவரது திறன் பெரிதும் வெளிப்படுவது உருவப்படங்களிலேயே.

நாட்டின் இரண்டாம் பிரிவினை நிகழ்ந்த 1793-இல் வரைந்த படம் முற்றிலும் வேறானது. அதில் மன்னரின் தலையில் முடி இல்லை; அது மேசைமேல் கிடக்கிறது. அருகில் ஒரு மணற்கடிகாரம் உள்ளது. இரண்டு ஆண்டுகளில், 1795-இல், மன்னர் முடி துறந்தார். போலந்து அரசும் மறைந்தது.

பிற்காலம்

மன்னர் நாட்டைவிட்டு அகன்றபின்னும் பச்சரெல்லி வார்சாவிலேயே தங்கிவிட்டார். 1807-இல் நெப்போலியன் வார்சா குறுநிலத்துக்கு அரசியலமைப்பை வழங்கிய காட்சியை முதிய வயதில் வரைந்தார். தம் 86-ஆம் வயதில் வார்சாவில் காலமானார்.

ஓவியங்களின் நிலை

1830–31 எழுச்சி ஒடுக்கப்பட்டபின் பளிங்கு அறை ஓவியங்கள் ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1920-களில் மீட்கப்பட்டன. 1939 செப்டம்பரில் ஜெர்மானியத் தாக்குதலில் மாளிகை தீப்பற்றியபோது, பெரிய மண்டபத்தில் இவர் தீட்டிய விதான ஓவியம் அழிந்தது. மன்னர்களின் படங்களை அருங்காட்சியகப் பணியாளர்கள் அகற்றிக் காப்பாற்றினர். 1944-இல் மாளிகை முழுவதும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மீண்டும் கட்டப்பட்ட மாளிகை 1984-இல் திறக்கப்பட்டது. அப்படங்கள் அங்குள்ள பளிங்கு அறையில் மறுபடியும் இடம்பெற்றுள்ளன.