சிறு விமானமும் ஒரு பெருவாழ்வும்

பலாலியை நோக்கிச் செல்லும் விமானத்தின் ஓசை கேட்டால், சாவகச்சேரித் தென்னஞ்சோலைகளிடையே நிற்கும் சிறுவர் இன்றும் அண்ணாந்து பார்ப்பர். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது முதல், நம்மவர்க்கு விமானம் புதுமையன்று. எனினும், அதற்கு முன்பே இவ்வான்வழிகளுக்கு வித்திட்டவர் ஒருவர் உளர். அவரே ஜே. ஆர். டி. டாடா.

அவர் 1904 ஜூலை 29இல் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பார்சி மரபினர்; தாயார் பிரெஞ்சு மாது. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதற் கடந்த பிளேரியோவின் கோடை இல்லம், டாடா குடும்பத்தார் விடுமுறை கழித்த கடற்கரையில் இருந்தது. அங்கேதான் பதினைந்தாவது வயதில் டாடா முதன்முதலாக வானில் ஏறினார். 1929 பெப்ரவரி 10இல், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதலாவது விமானமோட்டி உரிமம் அவர் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டில், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையே தனித்துப் பறக்கும் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். கராச்சியிலிருந்து புறப்பட்ட டாடா, எகிப்தில் இறங்கியபோது, எதிர்த்திசையில் வந்த ஆஸ்பி எஞ்சினியர் எனும் இளைஞர் ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்து நிற்கக் கண்டார். முன்னெச்சரிக்கையாகத் தாம் கொண்டுசென்றவற்றிற் சிலவற்றைப் போட்டியாளருக்கே வழங்கினார். பரிசும் அவ்விளைஞரையே சார்ந்தது. பிற்காலத்தில் இந்திய விமானப்படைத் தளபதியானவர் அவரே.

1932 அக்டோபர் 15ஆம் நாள், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு டாடா தபாற் பைகளுடன் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுசென்றார். 1938இல் அத்தபாற் சேவை கொழும்புவரை நீண்டது. அன்று டாடா ஓட்டியது ஒற்றை எஞ்சின் கொண்ட புஸ் மொத் விமானம். வானொலித் தொடர்பில்லை, வழிகாட்டுவாருமில்லை. அவ்வகை விமானங்கள் சில, அதே ஆண்டுகளில் நடுவானிற் சிறகொடிந்து வீழ்ந்தன. ஆராய்ந்து திருத்தும்வரை பல உயிர்கள் மாண்டன. சிறகு முறிந்தால் விமானத்தைக் காக்க அக்காலத்தில் யாதொரு வழியுமில்லை.

இன்று நிலை வேறு. விமானத்தின் உடலிலேயே மடித்து வைத்த பெரும் பரசூட்டைச் சிறு ராக்கெட் ஒன்று வெளியே இழுக்க, பயணிகளோடு விமானம் முழுவதுமே மெல்ல இறங்குகிறது. 1998இல் அமெரிக்க அரசின் சான்று பெற்ற சிரஸ் விமானத்தில் இஃது இயல்பான உறுப்பாகவே அமைந்தது. ஆனால் பரசூட் விரிவதற்குப் போதிய உயரம் வேண்டும். உரிய கணத்திற் கைப்பிடியை இழுக்கும் தெளிவும் வேண்டும். அத்தெளிவைக் கருவி தாராது.

1982இல், தம் எழுபத்தெட்டாவது வயதில், பழைய லெப்பர்ட் மொத் விமானமொன்றில் அதே கராச்சி–பம்பாய் வழியே டாடா மீண்டும் பறந்தார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29இல் ஜெனீவாவில் மறைந்தார். முழு விமானத்தையும் தாங்கும் பரசூட் பரவலாகுமுன்னரே அவர் காலம் முடிந்தது. எனினும், தமக்கென எடுத்துவைத்த ஸ்பார்க் பிளக்கைப் பிறர்க்கு ஈந்த அந்த எகிப்து நிகழ்ச்சியை நம் மாணவர் மறத்தலாகாது. முன்னெச்சரிக்கை தன்னுயிரைக் காப்பதோடு அமையாமல், பிறர் பயணத்தையும் காக்குமென்பதற்கு அதுவே சான்றாகும்.