பட்டறை தந்த பேராசான்

டயர் என்ற பெயரைக் கேட்டதும் 1919-ஆம் ஆண்டின் ஜாலியன்வாலாபாக் கொடுமைதான் நம் நெஞ்சில் எழும். நான் சொல்ல வந்த டயர் வேறொருவர். ஆக்கத்திற்கே தம் வாழ்வைத் தந்தவர். ஜப்பானில் பொறியியல் கல்விக்கு அடிகோலிய ஹென்றி டயர் அவர்.

1848-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கிளாஸ்கோ நகரின் வார்ப்படச் சாலை ஒன்றில் பகலெல்லாம் தொழில் பழகினார். இரவில் ஆண்டர்சன் கல்லூரியில் பாடம் கேட்டார். அதே கல்லூரிக்கு, பகலில் கப்பல் பட்டறையில் உழைத்துவிட்டு இரவில் வந்து பயின்றார் யமாவோ யோசோ என்னும் ஜப்பானிய இளைஞர். பின்னர் டயர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராங்கினிடம் பயின்றார்.

நாடு திரும்பிய யமாவோ, அரசுப் பணியில் உயர்ந்து, பொறியியல் கல்லூரி ஒன்று அமைக்க முனைந்தார். ராங்கினின் பரிந்துரையால் 1873-இல் டயர் அதன் முதல்வராகத் தோக்கியோ சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. இன்றைய என் வயதைவிட ஒன்றே கூடுதல்! பாடத்திட்டத்தைக் கப்பலிலேயே தீட்டி முடித்தார் என்பர்.

அக்காலப் பிரிட்டனில் பொறியாளர் பெரும்பாலும் பட்டறையில் உருவாயினர். பிரான்சிலும் ஜெர்மனியிலும் வகுப்பறையில் உருவாயினர். டயர் இரண்டையும் இணைத்தார். ஆறாண்டுப் படிப்பு. முதல் ஈராண்டு பொதுக்கல்வியும் அறிவியலும். அடுத்த ஈராண்டு தொழிற்கல்வி. இறுதி ஈராண்டு களப்பயிற்சி. மாணவர்கள் அகபானே பட்டறையில் கையழுக்காக உழைத்தனர்.

பயன் என்ன? தனபே சகுரோ என்ற மாணவர், பீவா ஏரி நீரைக் கியோத்தோ நகருக்குக் கொண்டுவரும் கால்வாய்க்குத் திட்டம் வரைந்தார். வலக்கையில் காயம்பட்டபோது இடக்கையால் வரைந்தார். 1883-இல் பட்டம் பெற்ற அவரிடமே அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 1890-இல் கால்வாய் நிறைவேறியது. மற்றொரு மாணவர் வதனபே கைச்சி, ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலப் பணியிலேயே பங்கு கொண்டார்.

1882-இல் தாயகம் திரும்பிய டயர் கிளாஸ்கோவில் பேராசிரியர் பதவி வேண்டினார், கிட்டவில்லை. ஆயினும் அங்கு வந்த ஜப்பானிய மாணவர்களுக்குத் துணையாய் நின்று, 1918-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றை இங்கே எழுதக் காரணம் உண்டு. முதலாண்டுப் பொறியியல் மாணவர்களை ஐவர், அறுவராகப் பிரித்து, ஒரு பாலமோ வண்டியோ வடிவமைத்துச் செய்யச் சொல்கிறார்கள். அக்குழுக்களில் நம் தம்பி தங்கையர் சிலர், இந்தி வராத கூச்சத்தால் ஒதுங்கி, அறிக்கை எழுதும் வேலையை மட்டும் ஏற்பதை நான் விடுதியில் காண்கிறேன். சுத்தியல் பிடிப்பவன் வேறொருவன், கற்றுக்கொள்பவனும் அவனே!

அருமைத் தம்பி தங்கையரே! யமாவோவும் பிறமொழி நாட்டிற்கு வந்தவர்தாம். கப்பல் பட்டறையில் அவர் ஒதுங்கி நின்றாரா? நீங்களும் அரத்தையும் அளவுகோலையும் கையில் எடுங்கள். செய்த பாலம் முறிந்தால் முறியட்டும். ஏன் முறிந்தது என்று அறுவரும் கூடி அமர்ந்து பாருங்கள். தெரிந்த நான்கு சொற்களே அதற்குப் போதும். மீதி மொழி தானே வரும்.